தாத்தா ஏன் பச்சையா இருக்காரு?

உங்க வீட்டு பீரோவுல, பட்டுப் புடவைக்கு அடியில, ஒரு பழைய பிஸ்கட் டப்பா கண்டிப்பா இருக்கும். எல்.ஐ.சி. பாண்டு, யாரோ ஒருத்தரோட ஜாதகம், செல்லாமப் போன ஐந்நூறு ரூபா நோட்டு... அதுக்கெல்லாம் கீழே ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ! இருக்குல்ல? அப்போ இந்தப் பக்கத்தைப் புரட்டிட்டுப் போயிடாதீங்க மக்களே. 'நீதான் இன்ஜினீயரிங் படிக்கிறியே, இதைக் கொஞ்சம் பெருசாக்கிக் குடு'னு என்னைக்காவது ஒருநாள் அது உங்க கைக்கு வரும். எனக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு வாரம் நான் பட்ட பாடு இருக்கே... அதைத்தான் சொல்லப் போறேன்!

எங்க வீடு பாண்டியில, முதலியார்பேட்டை. தாத்தா ஏ.எஃப்.டி. மில் தொழிலாளி. பெரியவங்க 'ரோடியர் மில்'னுதான் சொல்வாங்க. பிரெஞ்சுக்காரங்க காலத்துல 1898-ல ஆரம்பிச்ச மில்லு, 2020-ல மூடிட்டாங்க. 1971-ல தாத்தா அங்கே ஸ்பின்னிங்ல பர்மனென்ட் ஆனப்போ, மில் அட்டைக்காக ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்திருக்கார். வெள்ளைச் சட்டை, படிய வாரின தலை, சிரிக்கலாமா வேணாமானு முகத்துல ஒரு யோசனை. அப்போ அவருக்கு வயசு இருபத்து நாலு. என்னைவிட நாலு வயசுதான் ஜாஸ்தி!

தாத்தா போன வருஷம் தவறிட்டார். முதல் வருஷ தெவசத்துக்கு மாட்ட ஒரு போட்டோ வேணும். கலர் போட்டோ வீட்டுல நிறைய இருக்கு. ஆனா அதெல்லாம் இருமலும் மாத்திரையுமா இருந்த தாத்தா. ஆயா பிடிவாதமா இருந்தாங்க. "அந்த மில்லு அட்டை போட்டோதான் வேணும். அதுலதான் அவரு அவரா இருக்காரு."

"அவ்ளோதானே ஆயா? நைட்டே ரெடி!"னு நானும் பெரிய பருப்பு மாதிரி சொல்லிட்டேன்.

ராத்திரி தாத்தா, காலைல தாத்தா

மூணரை சென்டிமீட்டர் அகலப் படத்தை 1200 டி.பி.ஐ-ல ஸ்கேன் பண்ணேன். சுமார் 1650 பிக்ஸல் அகலம் கிடைச்சுது. அதை ஏ4 அளவுக்கு இழுத்தா இஞ்சுக்கு 200 புள்ளி. சுவர்ல மாட்டிப் பார்க்க அது போதும். ஜிம்ப் சாஃப்ட்வேர்ல போட்டு, கலரை எடுத்துட்டு, கீறலை அழிச்சு, தலையில வெள்ளை வெள்ளையா இருந்த தூசியை ஒவ்வொண்ணா துடைச்சு... ராத்திரி ஒரு மணி வரைக்கும் வேலை. என்கிட்ட ஆறு கலர் டேங்க் பிரிண்டர் ஒண்ணு இருக்கு. நல்ல போட்டோ பேப்பர் வெச்சு, ஹை குவாலிட்டினு செட் பண்ணி அடிச்சேன். ட்யூப் லைட்டுக்குக் கீழே பார்த்தா... ஸ்டுடியோ பிரிண்ட் தோத்துடும் போங்க! அம்மாகூட எழுந்து வந்து பார்த்துட்டு கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

காலைல ஆயா திண்ணையில உட்கார்ந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க. பெருமையா நீட்டினேன். வாங்கி, தள்ளிப் பிடிச்சுப் பார்த்து, அப்புறம் கிட்டப் பிடிச்சுப் பார்த்து, ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க.

"இன்னாடா இது? உன் தாத்தா பச்சையா இருக்காரு?"

எனக்குச் சுருக்குனு ஆயிடுச்சு. ஆயாவுக்கு ஒரு கண்ணுல ஆபரேஷன் முடிஞ்சிருக்கு, இன்னொரு கண்ணுல புரை அப்படியே இருக்கு. "ஆயா, உனக்குக் கண்ணு சரியில்ல. அதான் அப்படித் தெரியுது. போட்டோ கரெக்டாதான் இருக்கு"னு பட்டுனு சொல்லிட்டேன். ஆயா பதில் பேசல. படத்தை என் கையில குடுத்துட்டு மறுபடியும் கீரையை எடுத்துக்கிட்டாங்க.

ஆனாலும் மனசு கேக்கல. உள்ளே போய் பச்சையைக் கொஞ்சம் குறைச்சு இன்னொண்ணு அடிச்சேன். ட்யூப் லைட்ல பார்த்தா தாத்தா ரோஸ் பவுடர் போட்ட மாதிரி இருந்தார். இன்னொண்ணு அடிச்சேன். நீலம்! நாலாவது தடவை பிரிண்டர் முக்கிக்கிட்டு இருக்கும்போது கரன்ட் போச்சு. சரி, வெளிச்சத்துல போய்ப் பார்ப்போம்னு முதல் பிரிண்டை எடுத்துக்கிட்டுத் திண்ணைக்கு வந்தேன்.

அப்போதான் பார்த்தேன். வெள்ளைச் சட்டையோட மடிப்புல, கன்னத்து நிழல்ல... பாசி பிடிச்ச சுவர் மாதிரி பச்சை. புரை விழுந்த கண்ணுக்குத் தெரிஞ்சது, இருபது வயசுக் கண்ணுக்குத் தெரியல. ஏன்னா ஆயா பார்த்தது சூரிய வெளிச்சத்துல. நான் பார்த்தது ட்யூப் லைட்டுல. அவங்க கண்ணைக் குத்தம் சொன்னேனே தவிர, அவங்க உட்கார்ந்த இடத்துல உட்கார்ந்து பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்ல.

சாம்பல் கலர் ஒரு ஏமாத்து வேலை!

இப்போ கொஞ்சம் லேப் கிளாஸ். தூங்கிடாதீங்க ப்ளீஸ்!

கம்ப்யூட்டருக்குச் சாம்பல் கலர் ரொம்ப ஈஸி. சிவப்பு, பச்சை, நீலம் மூணும் சம அளவுல இருந்தா முடிஞ்சுது. என்கிட்ட இருக்கிற மாதிரி பிரிண்டர்கிட்ட சாம்பல் கலர் இங்க்கே கிடையாது. அதுகிட்ட இருக்கிறது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. ஆறு கலர் மெஷின்கிறதால கூடவே வெளிர் சயானும் வெளிர் மெஜந்தாவும். 'கறுப்பு இங்க்கையே தள்ளித் தள்ளி வெச்சா சாம்பலா தெரியுமே'னு கேப்பீங்க. தெரியும். ஆனா கன்னம், நெத்தி மாதிரி வெளிர் இடங்கள்ல அந்தக் கறுப்புப் புள்ளி மிளகுத் தூள் தூவின மாதிரி தனியா தெரியும். அது தெரியக் கூடாதுன்னு, போட்டோ மோடுல பிரிண்டர் என்ன பண்ணும்னா, வெளிர் இடத்துலயெல்லாம் கலர் இங்க்கைக் கலந்து சாம்பல் 'மாதிரி' ஒண்ணைச் செஞ்சு வைக்கும். நாம கறுப்பு வெள்ளைப் படம்னு நினைச்சுக் கையில வெச்சிருக்கிறது உண்மையில கலர் படம்தான் பாஸ்!

இந்தக் கலவையில ஒரு இங்க் துளி கூடக் குறைய ஆனாலும் மாட்டிக்கும். கலர் போட்டோவுல புடவை கொஞ்சம் சிவப்பு தூக்கலா இருந்தா யாருக்கும் தெரியாது. சாம்பல்ல தூக்கினா, வெள்ளைச் சட்டையில சாம்பார் கொட்டின மாதிரி உடனே தெரியும். இதுல நான் செஞ்ச புண்ணியம் வேற. ஒரிஜினல் இங்க் விலையைப் பார்த்துட்டு, பேர் தெரியாத இங்க்கை டேங்க்ல ஊத்தி வெச்சிருந்தேன். எந்தக் கலரை எவ்வளவு கலக்கணும்கிற கணக்கு ஒரிஜினல் இங்க்குக்கும், அதுக்குன்னு இருக்கிற பேப்பருக்கும் போட்டது. ரெண்டையும் மாத்திட்டு கணக்கு சரியா வரணும்னா எப்படி?

சரி, வெயில்ல ஒரு கலரு, லைட்டுல ஒரு கலரு, அது எப்படி? சூரிய வெளிச்சத்துல வானவில்லோட எல்லாக் கலரும் தொடர்ச்சியா இருக்கு. வெள்ளை எல்.இ.டி. அப்படி இல்ல. நீல எல்.இ.டி. மேல மஞ்சள் பாஸ்பரைப் பூசி வெள்ளையா காட்டுறாங்க. நீலத்துல ஒரு முகடு, அதுக்குப் பக்கத்துல ஒரு பள்ளம். கலந்து செஞ்ச சாம்பல் எல்லாக் கலரையும் ஒரே அளவா திருப்பி அனுப்பாது. அதனால வெளிச்சம் மாறினா அந்தச் சாம்பலோட சாயமும் மாறிடும். ஒரு வெளிச்சத்துல ஒண்ணா தெரியுற ரெண்டு கலர், இன்னொரு வெளிச்சத்துல வேற வேறயா தெரியுற இந்த வித்தைக்கு 'மெட்டாமெரிஸம்'னு பேரு. துணிக்கடையில ஜாக்கெட் பிட்டை எடுத்துக்கிட்டு அம்மா வாசலுக்கு ஓடுவாங்களே... அவங்களுக்குப் பேரு தெரியாது, விஷயம் தெரியும்!

உலகமே பச்சையைப் பார்த்திருக்கு

மானம் போச்சேனு தேடிப் படிச்சப்போ ஒரு ஆறுதல் கிடைச்சுது. 2000-ம் வருஷம் எப்சன் கம்பெனி 'ஸ்டைலஸ் போட்டோ 2000பி'னு ஒரு பிரிண்டரைக் கொண்டு வந்துச்சு. படம் பல வருஷம் மங்காம இருக்கணும்னு பிக்மென்ட் இங்க் போட்ட மெஷின். அதுல கறுப்பு வெள்ளைப் படம் அடிச்ச போட்டோகிராஃபர்கள் வீட்டுக்குள்ள பார்த்துச் சந்தோஷப்பட்டுட்டு, வெளிய வந்து பார்த்தா... பச்சை! எங்க ஆயா சொன்ன அதே பச்சை!

அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழியும் சிம்பிள். கலரைக் கலந்து சாம்பல் செய்யாதே, சாம்பலையே இங்க்கா ஊத்து! 2003-ல ஹெச்.பி-யோட 'போட்டோஸ்மார்ட் 7960' சாம்பலுக்குன்னே தனி கார்ட்ரிட்ஜோட வந்துச்சு. 2005-ல எப்சன் 'கே3' இங்க்குல கறுப்பு, வெளிர் கறுப்பு, அதைவிட வெளிர் கறுப்புனு மூணு அடர்த்தி குடுத்தாங்க. அமெரிக்காவுல ஜான் கோன்னு ஒருத்தர் இன்னும் ஒரு படி மேல போயி, கலர் இங்க்கையே தூக்கிப் போட்டுட்டு, பிரிண்டர் முழுக்க வெவ்வேறு அடர்த்திச் சாம்பலை ஊத்தி 'பீஸோகிராஃபி'னு ஒரு முறையையே உருவாக்கினார்.

எல்லாம் சரி, அந்த மெஷின் விலைக்கு நான் ரெண்டு செமஸ்டர் ஃபீஸ் கட்டிடலாமே!

வெள்ளியும் கரியும்

யோசிச்சுப் பார்த்தா பாண்டியே ஒரு கறுப்பு வெள்ளை ஊருதான். 1950 ஏப்ரல்ல பிரெஞ்சு போட்டோகிராஃபர் ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் இங்கே வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுத்தார். செயின்ட் லூயி வீதியில இருக்கிற பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்ல தென்னிந்தியக் கோயில்களோட கறுப்பு வெள்ளைப் படங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல இருக்கு. 1950-கள்ல இருந்து சேர்த்து வெச்சது. நம்ம ஊர் ஸ்டுடியோக்கள் எடுத்த பழைய குடும்பப் படங்களையும், பிரிட்டிஷ் லைப்ரரி உதவியோட தேடிப் பிடிச்சு டிஜிட்டல் ஆக்கியிருக்காங்க. நம்ம தாத்தா, பாட்டி ஸ்டுடியோவுல விறைப்பா நிக்கிற படம் இருக்கே, அதெல்லாம் இப்போ ஆராய்ச்சி மேட்டர்!

இந்தப் படங்கள்ல கறுப்பா இருக்கிறது என்ன தெரியுமா? வெள்ளி! வெள்ளி உப்பு பூசின பேப்பர்ல வெளிச்சம் பட்டு, டெவலப்பர்ல போட்டா, அது நுண்ணிய வெள்ளித் துகளா மாறும். அந்தத் துகள் கூட்டம்தான் கறுப்பா தெரியுது. சயானும் கிடையாது, மெஜந்தாவும் கிடையாது. அதனால வெளிச்சம் மாறினாலும் அது இப்படிக் கட்சி மாறாது.

வெள்ளிக்கு நான் எங்கே போறது? ஆனா கரி இருக்கே! அதே பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்டும் இன்னொரு பிரெஞ்சு ஆய்வு நிலையமும் வெச்சிருக்கிற சைவச் சுவடிகள் சுமார் 11,000. 2005-ல யுனெஸ்கோவோட 'உலக நினைவுப் பதிவேட்டு'ல இடம் பிடிச்ச தொகுப்பு. ஓலையில எழுத்தாணியால கீறிட்டு, எழுத்து தெரியுறதுக்காகக் கரியைத் தடவுவாங்க. அந்தக் கரி இன்னும் கறுப்பாவே இருக்கு. கரி எல்லாக் கலரையும் ஏறக்குறைய ஒரே அளவுல விழுங்கும். வெயிலுக்கும் சீக்கிரம் மங்காது.

இதைப் படிச்சதும்தான் மண்டையில பல்பு எரிஞ்சுது. பிக்மென்ட் கறுப்பு இங்க்ல இருக்கிறதும் இதே கரிதான்! என் ஆறு கலர் போட்டோ மெஷின்ல கறுப்பும் சாய இங்க். ஆனா சாதா ஆபீஸ் பிரிண்டர்கள் பலதுல, எழுத்து பளிச்சுனு விழணும்னு, கறுப்பு மட்டும் பிக்மென்ட். எங்க கிளாஸ்ல ஒருத்தன் அப்படி ஒரு மெஷினை வெச்சு மொத்த டிபார்ட்மென்ட்டுக்கும் புராஜெக்ட் ரிப்போர்ட் அடிச்சுக் குடுத்துக்கிட்டு இருக்கான். சைக்கிளை எடுத்தேன்.

"டேய், இதுல போட்டோவாடா அடிப்பாங்க?"னு சிரிச்சான். பளபளா பேப்பரை ஒதுக்கிட்டு, பளபளப்பு இல்லாத கெட்டி மேட் பேப்பரை வெச்சோம். 'பிளெய்ன் பேப்பர்', 'கிரேஸ்கேல்', 'ஹை'. போட்டோ பேப்பர்னு செட் பண்ணினா இந்த மாதிரி மெஷின் பிக்மென்ட் கறுப்பை ஒதுக்கிட்டு மறுபடியும் கலரைக் கலக்க ஆரம்பிச்சுடும். பளபளா பேப்பர்ல அந்தக் கறுப்பு ஒட்டாதுன்னு அதுக்கு அப்படி ஒரு ஏற்பாடு.

முதல் பிரிண்ட்ல நிழலெல்லாம் அப்பி ஒரே கறுப்பா இருந்துச்சு. படத்தைக் கொஞ்சம் வெளிறாக்கி ரெண்டாவது அடிச்சோம். கிட்டப் பார்த்தா புள்ளி புள்ளியா இருக்கு. நாலடி தள்ளி நின்னா... சாம்பல். சுத்தமான சாம்பல். மாடிக்கு ஓடி வெயில்ல பார்த்தேன். சாம்பல். படிக்கட்டு பல்புல பார்த்தேன். சாம்பல்! பல ஆயிரம் ரூபா போட்டோ மெஷின் பண்ணாததை, புராஜெக்ட் ரிப்போர்ட் மெஷின் பண்ணிடுச்சு.

நீங்க அடிக்கிறப்போ...

* ஸ்கேன் பண்ணும்போது கலர்லயே பண்ணுங்க. மஞ்சள் கறை, மங்கல் எல்லாத்தையும் அப்புறமா சரி பண்ண அதுதான் வசதி.

* திடீர்னு ஒரு கலர் தூக்கினா முதல்ல நாஸில் செக். மெஜந்தா அடைச்சிருந்தா படம் பச்சையடிக்கும்.

* கறுப்புல ஆரம்பிச்சு வெள்ளை வரைக்கும் இருபது படி உள்ள ஒரு பட்டையை முதல்ல அடிங்க. எந்தப் படியில சாயம் மாறுதுனு தெரிஞ்சுடும். முழுப் படத்தை அடிச்சுப் பேப்பரை வீணாக்க வேணாம்.

* கலர் மெஷின்தான் இருக்குன்னா, வேணும்னே லேசா பழுப்பு சேர்த்துடுங்க. படம் முழுக்க ஒரே சாயம் இருந்தா கண்ணு அதை ஏத்துக்கும். அங்கங்கே மாறுற சாயம்தான் உறுத்தும்.

* அடிச்ச உடனே தீர்ப்பு சொல்லாதீங்க. ஒருநாள் காய விடுங்க. ஈரம் போனதும் கலர் கொஞ்சம் மாறும்.

* முக்கியமா, படம் எங்கே மாட்டப் போறீங்களோ அந்த வெளிச்சத்துல வெச்சுப் பாருங்க.

தூசியா, பஞ்சா?

மறுநாள் காலைல அதே திண்ணை, அதே ஆயா. இந்தத் தடவை நீட்டும்போது கை லேசா நடுங்குச்சு. "ஆயா, அன்னிக்கு நீ சொன்னதுதான் கரெக்ட். பச்சையாதான் இருந்துச்சு. எனக்குத்தான் தெரியல."

ஆயா அதைக் காதுல வாங்கின மாதிரியே காட்டிக்கல. படத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. வெள்ளைச் சட்டையை விரலால தடவினாங்க. அப்புறம் தலையைத் தடவினாங்க.

"எல்லாம் சரியா இருக்கு. பஞ்சை எங்கடா காணோம்?"

"எந்தப் பஞ்சு ஆயா?"

"நைட் ஷிஃப்ட் முடிச்சு அப்படியே போட்டோ எடுக்கப் போயிட்டாரு. தலை வாரினாரே தவிர, பஞ்சைத் தட்டல. அட்டை வந்ததும் நான்தான் சிரிச்சேன். 'மில்லுல பாதிப் பஞ்சு உங்க தலைலதான் இருக்கு'ன்னேன். எங்கே அது?"

எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. ராத்திரி ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்து நான் தூசினு துடைச்சுத் தள்ளினது, ஐம்பது வருஷமா ஆயா ஞாபகம் வெச்சிருந்த பஞ்சு!

இந்தத் தடவை நான் எதிர்த்துப் பேசல. ஒரிஜினல் ஸ்கேன் ஃபைலை நல்லவேளை அழிக்காம வெச்சிருந்தேன். கீறலை மட்டும் எடுத்துட்டு, தலையில இருந்த ஒரு புள்ளியைக்கூடத் தொடாம, ஃப்ரெண்டு மெஷின்ல மறுபடியும் அடிச்சேன். அதுல எது நிஜமாவே தூசி, எது பஞ்சுனு ஸ்கேனருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆயாவுக்குத் தெரியும். அது போதும்.

தெவசத்தன்னிக்கு மாலை போட்டு, கூடத்துல திண்ணை வெளிச்சம் விழுற சுவர்ல மாட்டினோம். வந்த சொந்தக்காரங்க எல்லாம் 'எந்த ஸ்டுடியோவுல போட்டீங்க?'னு கேட்டாங்க. ஆயா என்னைக் கையைக் காட்டினாங்க.

நீங்களும் அந்த பிஸ்கட் டப்பாவைச் சீக்கிரம் திறந்துடுங்க மக்களே. ஸ்கேனர் எங்கேயும் ஓடிப் போயிடாது. அந்தப் படத்துல இருக்கிறவரை நேர்ல பார்த்தவங்க இன்னிக்கு உங்க வீட்டுல இருக்காங்க இல்ல? அவங்களை முதல்ல பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டு, அப்புறமா எதையும் அழிங்க!